எழுபத்தொரு சதவீதம்

பீப்... பீப்... பீப்... என்று யு.பி.எஸ். அலற ஆரம்பித்ததும், ஆர்ஷா பாதி தின்ற பழம்பொரியை மேஜையில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள்.

கரண்ட் போயிருந்தது. மின்விசிறிகள் சோம்பலாகக் கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆராய்ச்சி மாணவர்களின் அந்தப் பொது அறைக்கு எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. அலாரம் அடித்தால், டைப் அடிப்பவர்களும் மெயில் பார்ப்பவர்களும் உடனே மெஷினை அணைத்துவிட வேண்டும். நாள்கணக்கில் புரோகிராம் ஓட்டுகிறவரின் மெஷின் மட்டும் ஓடலாம். பேட்டரி பழசு. ஒரு மெஷின் என்றால் கரண்ட் வரும்வரை இழுத்துப் பிடிக்கும். கூட ஒன்று சேர்ந்தாலும் போயிற்று.

ஆர்ஷாவின் புரோகிராம் நான்கு நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சில மணி நேரத்தில் முடியும். மற்ற மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அணைத்துவிட்டார்கள். ஜன்னலோரத்தில் ஒரே ஒருவன் மட்டும் டைப் அடித்துக்கொண்டிருந்தான். சுமந்த்.

"சேட்டா, என் ரன் ஓடிட்டிருக்கு. கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

"ஒரு பாரா பாக்கி இருக்கு" என்றான் அவன், திரும்பாமல்.

அந்தப் பாரா முடியவே இல்லை. விட்டு விட்டு அடித்த அலாரம் ஒரே நீள அலறலாக மாறியது. பிறகு நின்றது. இரண்டு திரைகளும் ஒன்றாகக் கறுத்தன. சுமந்த் ஃப்ளாப்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். போகிற வழியில் ஆர்ஷாவின் மேஜைக்கு மேலே, சுவரில் குத்தியிருந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்தான்.

"இன்னிக்கும் எழுபத்தொண்ணு வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து ஆர்ஷா அவனை அண்ணன் முறையில் 'சேட்டா' என்று கூப்பிடுவதை நிறுத்தினாள்.

அந்தத் துறையில் எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆராய்ச்சிக் கூடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று டாக்டர் தாணுமாலயனுடையது. ஆர்ஷா அவரிடம் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தாள். இன்னொன்று டாக்டர் ஜெயலக்ஷ்மியுடையது. சுமந்த் அங்கே சீனியர். ஒரே வராந்தா, நடுவில் ஒரு சுவர். இரண்டு பேராசிரியர்களும் ஒரு காலத்தில் சேர்ந்து எழுதியவர்கள். ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில் ஆரம்பித்த சண்டை, இப்போது எதிரில் வந்தால் ஒருவர் படிக்கட்டை மாற்றிக்கொள்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒரு கூடத்து மாணவன் இன்னொரு கூடத்து மாணவனுக்குப் பேனா கொடுத்தால்கூட மேலே பதில் சொல்ல வேண்டும்.

சுவரில் இருந்த காகிதத்தின் கதை இது. ஆர்ஷா தன் முதல் கட்டுரையை டெல்லியிலிருந்து வரும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தாள். கையால் எழுதிய மலையாள எழுத்துகளை அவள் புரோகிராம் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரியாக வாசித்தது. இப்படிப்பட்ட பத்திரிகைகள் கட்டுரையை அச்சிடுவதற்கு முன், எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, அதே துறையில் உள்ள ஒருவருக்கு அனுப்பித் தீர்ப்புக் கேட்கும். அந்த ரெஃபரி யார் என்பதும் எழுதியவருக்குத் தெரியாது. அவளுக்கு வந்த தீர்ப்பு ஒரு பக்கம்கூட இல்லை. கடைசி வரி இது: 'இந்த முறையை நானே எழுதி ஓட்டிப் பார்த்தேன். எழுபத்தொரு சதவீதத்துக்கு மேல் கிடைக்கவில்லை. கட்டுரையை நிராகரிக்கப் பரிந்துரைக்கிறேன்.'

ஆர்ஷா அதைத் தாணுமாலயனிடம் எடுத்துப் போனாள். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தது அவள் தப்பு.

"ஒருத்தன் மெனக்கெட்டு ஓட்டிப் பாத்து ஒரு நம்பர் சொல்லுகான். அவனுக்கு எழுபத்தொண்ணு, உனக்குத் தொண்ணூத்தி நாலு. நடுவுல உள்ளது எங்க போச்சு? அதக் கண்டுபிடிச்சிட்டு வா. அதுவரைக்கும் வேற எங்கயும் இத அனுப்பாண்டாம்."

அவள் அதை நம்பினாள். முகம் தெரியாத அந்த ரெஃபரியை வெறுத்தாலும் மதித்தாள். தனக்குத் தெரியாத ஏதோ ஓட்டை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காகிதத்தைச் சுவரில் குத்தி வைத்துக்கொண்டு, மாதக்கணக்காக அதைத் தேடினாள். எழுத்துகளைப் புதிதாகச் சேகரித்தாள். புரோகிராமை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். வேண்டுமென்றே தவறுகளைப் புகுத்திக்கூடப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று வரும், தொண்ணூற்று நான்கு வரும். எழுபத்தொன்று மட்டும் வரவே வராது. அறையில் எல்லோருக்கும் இது வேடிக்கையாகிவிட்டது. சுமந்த் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்பான். டீ குடிக்கப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை.

ரன் செத்துப்போன மறுநாள் தாணுமாலயனிடம் புகார் சொன்னாள்.

"நாலு நாள் ஓடுற புரோகிராமுக்கு நடு நடுவுல சேவ் பண்ண எழுதாதது ஆருக்க குத்தம்? கரண்டுக்கா, சுமந்துக்கா?" என்று கேட்டார். பிறகு, சேர்ந்தாற்போல, ஒரு தேதியும் சொன்னார். ஜூன் கடைசியில் கமிட்டி கூடுகிறது. அதற்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது எழுபத்தொன்றுக்கு விளக்கமாவது வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவள் பி.எச்.டி. பதிவு ரத்து.

ரத்தானால் என்ன ஆகும் என்பது ஆர்ஷாவுக்குத் தெரியும். அவள் அப்பா சுவாமிதாஸ், ஆரியசாலையில் உள்ள தன் ஹார்ட்வேர் கடைக்கு ஏற்கெனவே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். அதன்முன் ஒரு நாற்காலியும் போட்டாகிவிட்டது. ஆணிக்கும் பெயின்டுக்கும் பில் அடிக்க ஆள் மட்டும்தான் வர வேண்டும்.

எழுந்து போகப் போனவளைத் தாணுமாலயன் நிறுத்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"டெல்லியில இருந்து ரிவியூக்கு வந்திருக்கு. நான் பாக்கப் போறதில்ல, நீ பாரு. உன்னை ஒருத்தன் வெட்டினான்லா, வெட்டப் படிச்சியான்னு பாப்போம்."

கவரைப் பிரித்ததும் முதல் பக்கத்திலேயே ஒரு படம். கடைப் பெயர்ப் பலகைகள். போட்டோவில் இருக்கும் கடை போர்டுகளைக் கம்ப்யூட்டர் தானாக வாசிப்பதற்கான முறை. எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் சென்ற மழைக்காலம் முழுக்கக் குடையும் கேமராவுமாகச் 'சாலை' என்று பெயருள்ள கடைவீதியில் அலைந்தது யார் என்று வராந்தாவில் உள்ள பூனைக்கும் தெரியும்.

"சார், இது அந்த லேப்ல உள்ள..."

"பேரு எழுதியிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப உனக்குத் தெரியாது. போ."

இந்த நாட்டில் மலையாள எழுத்துகளை வைத்து இந்த வேலை செய்கிறவர்களை ஒரு காரில் ஏற்றிவிடலாம். அவர்களில் இரண்டு பேர் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது டெல்லிக்காரர்களுக்குத் தெரியாது.

கட்டுரை நன்றாக இருந்தது. அதுதான் ஆர்ஷாவுக்கு வயிற்றெரிச்சல். கணக்கு சுத்தமாக இருந்தது, மொழியும் சுத்தம். சாலைக் கடைவீதியில் எடுத்த படங்களைக் காட்டிப் புரோகிராமுக்குப் பயிற்சி. ஆரியசாலையில் எடுத்த படங்களைக் காட்டிச் சோதனை. பழக்கிய போர்டு வேறு, சோதித்த போர்டு வேறு. தொண்ணூற்று ஏழு சதவீதம் சரி. எங்கே வெட்டுவது? மூன்று முறை வாசித்தும் கத்தி இறங்கவில்லை.

நான்காவது முறை படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு படத்தில் நின்றாள். 'சுவாமிதாஸ் ஹார்ட்வேர்ஸ்.' அவள் அப்பாவின் கடை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த போர்டு. ஆனால் ஏதோ குறைந்தது. வலது பக்கக் கீழ் மூலை இல்லை. எழுத்து இருக்கும் இடம் போதும் என்று ஓரங்களைக் கத்தரித்திருந்தான். எல்லாப் படங்களிலும் அப்படியே.

அந்த மூலையில் சிவப்பாக, பொடியாக, ஒரு பெயர் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த பஸ்ஸில் கிழக்கேகோட்டையில் இறங்கி நடந்தாள். சாலைக் கடைவீதியிலிருந்து ஆரியசாலைக்குப் போக ஊர் மாற வேண்டியதில்லை. ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கும். டெல்லியில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு அது இரண்டு ஊர். மூட்டை ஏற்றிய கைவண்டிக்காரர்கள் திட்டத் திட்ட, அவள் தெரு நடுவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள். மிளகாய் மண்டியில், அப்பா கடை போர்டில் இருக்கும் அதே கொக்கி வைத்த 'வ'. ஜவுளிக் கடையிலும் அதே கொக்கி. பாத்திரக் கடையில், கயிற்றுக் கடையில். கீழே வலது மூலையில்: சுப்பு. சுப்பு. சுப்பு.

கடை வாசலில் நின்று சுவாமிதாஸ் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மக்களே, அண்ணாந்து பாத்துட்டு வாற? பி.எச்.டி.ன்னு சேத்துவிட்டா, இப்பதான் போர்டு வாசிக்கப் படிக்கியா?"

"நம்ம போர்டு எழுதினது ஆருப்பா?"

"சுப்புதான். அவன விட்டா இந்த ரெண்டு தெருவிலயும் வேற ஆரு எழுதினா? கிழக்கேகோட்டை தொட்டு கிள்ளிப்பாலம் வரைக்கும் அவனுக்க கைதான். இப்ப ஃபிளக்ஸ் வந்த பெறவு ஆளு பிரஷ்ஷத் தொடதில்ல."

ஆர்ஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சுமந்தின் புரோகிராம் கடை போர்டுகளை வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு மனிதனின் கையெழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதே மனிதனின் கையெழுத்தைக் காட்டிப் பரீட்சை வைத்துத் தொண்ணூற்று ஏழு மார்க் போட்டிருக்கிறான். வெட்டி எறிந்த மூலையில்தான் விஷயமே இருந்தது. கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து, இந்தத் தெருக்களுக்குப் பத்து நிமிட நடையில் வளர்ந்தவன், படம் எடுக்கத்தான் தலையைத் தூக்கியிருக்கிறான் போலும்.

ஆனால் சிரித்தால் போதாது. ஓட்டிப் பார்க்காமல் பேசக்கூடாது என்பது அவள் சுவரில் இருந்த காகிதத்திடமிருந்து கற்றது. கட்டுரையில் சொன்னபடியே சுமந்தின் முறையைத் தானே எழுதினாள். தம்பி பிரபினின் கேமராவை வாங்கிக்கொண்டு, சுப்புவின் பிரஷ் போயிருக்க முடியாத இடத்தைத் தேடிப் பொன்முடி பஸ்ஸில் ஏறினாள். மலைக்குக் கீழே கல்லாறு நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றோரக் கடைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். டீக்கடை, தேன் கடை, துண்டும் சோப்பும் விற்கிற கடை. இறங்கி வருகிற வழியில் விதுரையிலும் நெடுமங்காட்டிலும். வேறு வேறு கைகள். படங்களைக் கழுவி, ஸ்கேன் செய்து, புரோகிராமுக்குக் கொடுத்தாள்.

ஐம்பத்தெட்டு.

மறுபடி ஓட்டினாள். ஐம்பத்தெட்டு. இவ்வளவு நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அது. நல்ல சந்தோஷம் அல்ல என்று அவளுக்கே தெரிந்தது.

தீர்ப்பை இரண்டு விதமாக எழுதலாம். முறையில் குற்றமில்லை, படங்கள் மட்டும் போதாது; வேறு ஊர்களிலிருந்தும் எடுத்துத் திருத்தி அனுப்பவும் என்று எழுதலாம். அதுதான் நியாயம். சுமந்துக்கு மூன்று மாத வேலை கூடும், அவ்வளவுதான். ஆர்ஷா சுவரை அண்ணாந்து பார்த்தாள். கறுத்துப்போன திரை ஞாபகம் வந்தது. டீ குடிக்கப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை. இரண்டு தெருவின் போர்டுகளும் சுப்பு என்ற ஒரே ஆளின் கை, கல்லாற்றுப் போர்டுகளில் சோதித்தேன் என்று எழுதினாள். பிறகு அந்தக் காகிதத்தின் கடைசி வரியைப் பார்த்து, வார்த்தை மாற்றாமல், எண்ணை மட்டும் மாற்றி எழுதினாள்: 'இந்த முறையை நானே எழுதி ஓட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு சதவீதத்துக்கு மேல் கிடைக்கவில்லை. கட்டுரையை நிராகரிக்கப் பரிந்துரைக்கிறேன்.'

தாணுமாலயன் வாசித்துவிட்டு, ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் தன் கையெழுத்தைப் போட்டார்.

"கொஞ்சங்கூட ஈரமில்ல" என்றார். அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஆனால் அது அவள் பதிவைக் காப்பாற்றவில்லை. ஜூன் கடைசி வந்தது, எழுபத்தொன்று வரவில்லை. கமிட்டிக்கு முந்தின நாள் தாணுமாலயன் கூப்பிட்டு, அவள் கமிட்டிக்குக் கொடுக்கும் அறிக்கையில் கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ரெஃபரி சொன்ன எண்ணுக்கு விளக்கம் கிடைக்கவில்லை, எனவே இந்த முறையை நம்பத் தகுந்ததாகக் கருத முடியாது, இதைக் கைவிடுகிறேன். ஓட்டை இருக்கிற முறையை மறைத்துக்கொண்டு கமிட்டி முன்னால் உட்காரத் தன்னால் முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வரி கமிட்டிக்குப் போனால் பதிவு ரத்தாகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆர்ஷா வாதாடவில்லை. மத்தியானம், மழை ஜன்னல் கம்பியில் அடித்துக்கொண்டிருக்க, அந்த வரியை டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

பாதி அடித்திருப்பாள். ஒரு காகிதம் அவள் விரல்களுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வந்து விழுந்தது.

சுமந்த் நின்றிருந்தான். சட்டை நனைந்திருந்தது. அறையில் இருந்த மற்றவர்கள் டைப் அடிப்பதை நிறுத்தினார்கள்.

"கல்லாத்துக்குப் போனது யாரு?" என்று கேட்டான்.

"என்ன கல்லாறு?"

"டெல்லியில இருக்கறவனுக்கு சுப்புவைத் தெரியுமோ? சாலையில போர்டு எழுதறவனோட பேரு டெல்லியில எவனுக்குத் தெரியும்? இங்க ஆரியசாலையில கடை வெச்சிருக்கறவா பொண்ணு எத்தனை பேர் இருக்கா?"

"ரிப்போர்ட்ல பேரு எழுதியிருக்கா?" என்றாள் ஆர்ஷா.

அடுத்த மாதம் அவன் ஆய்வேட்டைக் கொடுப்பதாக இருந்தது. பெங்களூரில் வேலையும் காத்திருந்தது. இந்தக் கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஜெயலக்ஷ்மி மேடம் காலையில் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்தது. அடுத்த வாக்கியத்தில் மறுபடி ஏறிவிட்டது. அவள் எழுதியது பொய், பழிவாங்க எழுதிய பொய், ஐம்பத்தெட்டு என்று ஓர் எண்ணை வாயில் வந்தபடி எழுதிவிட்டாள் என்றான். இப்படி எழுதுவது எவ்வளவு சுலபம் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னான்.

"உக்காருங்க" என்றாள் ஆர்ஷா.

பக்கத்து மெஷினில் அவன் முறையைத் திறந்தாள். கல்லாற்றுப் படங்களைக் கொடுத்தாள். பொத்தானைத் தட்டிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கினாள். சுமந்த் உட்காரவில்லை. நின்றபடியே, திரையில் போர்டுகள் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்தான். தேன் கடை, தப்பு. டீக்கடை, சரி. சோப்புக் கடை, தப்பு, தப்பு. கடைசியில் ஐம்பத்தெட்டு என்று வந்து நின்றது.

"இன்னொரு தடவை" என்றான்.

இன்னொரு தடவையும் வந்தது. அவன் குனிந்து, அவள் எழுதிய புரோகிராமை மேலிருந்து கீழாக வாசித்தான். குற்றம் தேடுகிறவனின் வாசிப்பு அது; ஆர்ஷாவுக்கு நன்றாகப் பழக்கமானது. அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"மாசக்கணக்கா என்கிட்ட கேட்டியளே, எழுபத்தொண்ணு வந்துதான்னு" என்றாள் ஆர்ஷா. "நான் உங்கள மாதிரி கேட்டுட்டுப் போகல்ல. பஸ் ஏறிப்போய்ப் படம் எடுத்து, ஓட்டிப் பாத்துட்டுத்தான் எழுதினேன். எனக்கு எழுதினவரும் அப்படித்தான் எழுதினாரு. அது எனக்கு வலிச்சுது. இது உங்களுக்கு வலிக்கட்டு."

அவள் தன் மெஷினுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து டைப் அடிக்கத் தொடங்கினாள். 'நம்பத் தகுந்ததாகக் கருத முடியாது, இதைக் கைவிடு...'

சுமந்த் போகவில்லை. அவள் தோளுக்கு மேலாக அந்த வரியை வாசித்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். கையை நீட்டி, குண்டூசியோடு அந்தக் காகிதத்தைப் பிய்த்தெடுத்தான். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது.

"அதை வைங்க அங்க" என்றாள் அவள்.

அவன் காகிதத்தை நான்காக மடித்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், வெறுப்பு கொஞ்சமும் குறையாத குரலில் சொன்னான்:

"எழுபத்தொண்ணு உனக்கு ஒருநாளும் வராது, இதை எழுதினது நானாக்கும், உன் முறையை ஒரு தடவைகூட நான் ஓட்டிப் பாக்கலை."